கோவை அனுபவத்துக்குக் கலிபோர்னியாவில் லைசென்ஸ் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் சான் ஹோசேயில் இருக்கிறோம். என் தம்பி கிரீன் கார்டில் வந்து ஐந்து மாதம் ஆகிறது. கோவையில் ஒரு வாட்டர் ட்ரீட்மென்ட் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்தான். முதல் ஆறு வருடம் திருப்பூர் சாயப் பட்டறைகளுக்கும் அபார்ட்மென்ட்களுக்கும் சாஃப்ட்னர், ஆர்.ஓ. பிளான்ட் மாட்டிக் கொடுக்கும் வேலை; கடைசி மூன்று வருடம் சேல்ஸ். இங்கே வீடுகளுக்கு வாட்டர் சாஃப்ட்னர் போடும் தொழிலைத் தொடங்கலாம் என்கிறான். ஆயிரம் டாலருக்குக் கீழே பில் போட்டால் லைசென்ஸே வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் தன் பிளம்பிங் லைசென்ஸை மாதம் ஒரு தொகைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை நம்புவது? ஊர் அனுபவத்தை இங்கே ஒப்புக்கொள்வார்களா? அதுவரை எங்கள் வீட்டிலாவது அவன் ஒன்று மாட்டலாமா?

பதில்: ஊர் அனுபவம் செல்லும், லைசென்ஸும் கிடைக்கும். ஆனால் அது கைக்கு வரும்வரை, தன் பெயரில் காசு வாங்கிக்கொண்டு ஒரு வீட்டில்கூட உங்கள் தம்பி சாஃப்ட்னர் மாட்டக் கூடாது. இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கலிபோர்னியாவில் லைசென்ஸ் இல்லாமல் கான்ட்ராக்ட் வேலை செய்வது குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம்வரை சிறை, ஐயாயிரம் டாலர்வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. பலர் இதை மட்டும் பார்த்துவிட்டு, ‘சின்ன வேலைக்கு யார் வந்து பிடிக்கப் போகிறார்கள்’ என்று இறங்கிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய அடி வேறு இடத்தில் இருக்கிறது. தொழில் சட்டத்தின் 7031-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாதவர் செய்த வேலைக்கு வீட்டுக்காரர் பணம் தர மறுத்தால் வேலை செய்தவர் கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாது. ஏற்கெனவே கொடுத்த பணம் முழுவதையும் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டு வழக்குப் போடவும் முடியும். வேலையில் ஒரு குறையும் இல்லை, மெஷின் அருமையாக ஓடுகிறது என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை. லைசென்ஸ் இல்லை என்று வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும் என்று வாதாடினாலும் பயனில்லை.

1991-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பாம் ஸ்பிரிங்ஸில் ஒயாசிஸ் வாட்டர்பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவுக்காக, கடல் அலைபோல அலை எழுப்பும் குளத்தின் இயந்திரங்களைச் செய்து பொருத்திக் கொடுத்தது ஹைட்ரோடெக் என்ற நியூயார்க் நிறுவனம். அதனிடம் கலிபோர்னியா லைசென்ஸ் இல்லை. பூங்காக்காரர்கள் பாக்கித் தொகையை நிறுத்திவிட்டார்கள். தரவே மாட்டோம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, தருகிறோம் என்று ஏமாற்றி வேலை வாங்கினார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். அது உண்மையாகவே இருந்தாலும் லைசென்ஸ் இல்லாதவருக்கு இங்கே வழியில்லை என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இது கொடுமையான சட்டம் என்றுதான் எனக்கும் தோன்றும். ஆனால் இன்றும் அமலில் இருக்கிறது.

நண்பர் சொன்ன ஆயிரம் டாலர் கணக்கு பாதி உண்மை. முன்பு ஐந்நூறாக இருந்த வரம்பை 2025 ஜனவரி முதல் ஆயிரமாக்கினார்கள். அந்த ஆயிரத்துக்குள் கூலி, பொருள் எல்லாம் அடங்க வேண்டும். வேலையாள் வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டட பெர்மிட் தேவைப்படும் வேலையாகவும் இருக்கக் கூடாது. ஓரளவு தேறுகிற சாஃப்ட்னர் மெஷினே அந்தத் தொகையை விழுங்கிவிடும். மெஷினுக்குத் தனி பில், மாட்டும் கூலிக்குத் தனி பில் என்று பிரித்தால் என்ன என்று அடுத்து கேட்பார்கள். ஒரே வேலையைத் துண்டு துண்டாகக் காட்டி வரம்புக்குள் கொண்டுவருவதையும் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. குழாய் வாஷர் மாற்ற, ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் மாற்ற அந்த விலக்கு உதவும். சாஃப்ட்னர் தொழிலை அதை நம்பி நடத்த முடியாது.

லைசென்ஸை வாடகைக்குத் தருகிறேன் என்றவரிடம் காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இங்கே ஒரு லைசென்ஸுக்குப் பின்னால் தகுதியுள்ள நபர் ஒருவர் இருக்க வேண்டும். பேருக்கு இருந்தால் போதாது, வேலையை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும். ஊழியராக இருந்துகொண்டு தகுதி தருபவர் என்றால் வாரம் 32 மணி நேரமாவது, அல்லது கம்பெனி இயங்கும் நேரத்தில் எண்பது சதவீதமாவது அங்கே வேலை செய்தாக வேண்டும். மாதம் ஒரு செக் வாங்கிக்கொண்டு நம்பரை மட்டும் தருகிறவர் தன் லைசென்ஸையும் இழப்பார், உங்கள் தம்பியையும் இழுத்துவிடுவார்.

இனி, எந்த லைசென்ஸ்? மாநில கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியம், சுருக்கமாக சி.எஸ்.எல்.பி., ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வகை வைத்திருக்கிறது. நீரைப் பதப்படுத்தும் கருவிகள் மாட்டுவதற்கு சி-55, பிளம்பிங்குக்கு சி-36. சி-55-இன் எல்லை குறுகலானது. கருவியை வீட்டுக் குழாயோடு இணைக்கத் தேவையான குழாயும் இணைப்புகளும், பதப்படுத்தாத தண்ணீர் போக வேண்டிய இடங்களுக்குப் பக்கவழியும், அவ்வளவுதான்.

ஒரு வீட்டின் கராஜில் நின்று பார்த்தால் இந்த எல்லை புரிந்துவிடும். ஓரளவு புதிய வீடுகளில் சுவரிலிருந்து இரண்டு குழாய் முனைகள் வெளியே வந்து வளைந்திருக்கும். சாஃப்ட்னருக்கென்றே கட்டும்போது விட்டுவைத்த இடம். அதை வெட்டி, பைபாஸ் வால்வு போட்டு, ரெசின் தொட்டியையும் உப்புத் தொட்டியையும் உட்கார்த்தி, கழிவுக் குழாயைச் சாக்கடைக் குழாய்க்குள் நேராகச் செருகாமல் காற்று இடைவெளி விட்டு இறக்க வேண்டும். அடைப்பு வந்தால் சாக்கடைத் தண்ணீர் சாஃப்ட்னருக்குள் ஏறிவிடாமல் காப்பது அந்த இடைவெளிதான். தோட்டக் குழாயும், வேண்டுமென்றால் சமையலறைக் குளிர்ந்த நீரும் சாஃப்ட்னரைத் தொடாமல் போக வழி செய்ய வேண்டும். இத்தனையும் சி-55. பக்கத்தில் நிற்கும் வாட்டர் ஹீட்டர் இடைஞ்சலாக இருக்கிறது, இரண்டடி நகர்த்திவிடலாம் என்று கை வைத்தால் அது சி-36 வேலை. பழைய வீட்டில் துருப்பிடித்த இரும்புக் குழாய்களை மாற்றித் தருகிறேன் என்பதும் அப்படியே.

அப்படியானால் சி-36-ஐயே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதில் காஸ் லைன், கழிவுக் குழாய், ஹீட்டர் எல்லாம் வரும். தேர்வும் அதற்குத் தகுந்த அகலம். சாயப் பட்டறையில் சாஃப்ட்னர் போட்டவரிடம் காஸ் குழாய் அனுபவம் இருக்காது. சி-55-இல் தொடங்குவதுதான் உங்கள் தம்பிக்கு நேர் வழி.

அனுபவக் கணக்குதான் இதில் நிதானமாகப் பார்க்க வேண்டியது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய பத்து வருடத்துக்குள், யாரும் மேற்பார்க்காமல் தானே வேலையை முடிக்கும் நிலையில் நான்கு வருட அனுபவம் வேண்டும். எடுபிடியாக, கற்றுக்குட்டியாக இருந்த காலம் சேராது. சேல்ஸ் சேராது. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு (ஏ.எம்.சி.) கையெழுத்து வாங்கப் போனது சேராது. ஆகவே ஒன்பது வருடத்தில் கடைசி மூன்றைக் கழித்துவிடுங்கள். மாட்டும் வேலை பார்த்த ஆறு வருடம் மிச்சம். அதிலும் ஆரம்பத்தில் யாரிடமாவது கற்றுக்கொண்டிருந்த மாதங்கள் இருந்தால் அவையும் போகும்.

அந்த ஆறு வருடமும் இன்றைய தேதிக்குப் பத்து வருட வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் வரம்பு நகர்ந்துகொண்டே போகும். கொஞ்ச நாள் ஊபர் ஓட்டி, பணம் சேர்த்து, பிறகு பார்க்கலாம் என்று இருந்தால், சுமார் இரண்டரை வருடத்தில் ஊர் அனுபவம் மட்டும் நான்கு வருடத்துக்குத் தேறாமல் போய்விடும்.

வெளிநாட்டு அனுபவம் என்பதற்காக வாரியம் தள்ளிவிடுவதில்லை. வேலையை நேரில் பார்த்த ஒருவர் படிவத்தில் சான்றளிக்க வேண்டும்: முதலாளி, மேற்பார்வையாளர், இஞ்சினியர், அல்லது அதே நிலையில் கூட வேலை பார்த்தவர். கோவை கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் ‘இவர் இங்கே ஒன்பது வருடம் சிறப்பாகப் பணியாற்றினார், நல்வாழ்த்துகள்’ என்று நம் ஊர் வழக்கப்படி தரும் சான்றிதழால் ஒரு பயனும் இல்லை. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, என்னென்ன மாட்டினார், குழாய் இணைப்பைத் தன் கையால் செய்தாரா, முழு நேரமா என்பது இருக்க வேண்டும். சான்றளித்ததற்கு ஆதாரம் காட்டு என்று வாரியம் கேட்டால் காட்டுவதற்கு நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, ஃபார்ம் 16 எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். தமிழில் இருக்கும் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கோவையில் அவருக்கு மேலே இருந்த இஞ்சினியர் வேறு கம்பெனிக்கு மாறுவதற்குள் அவரிடம் பேசிவிடுவது நல்லது. டிப்ளமோவோ பொறியியல் பட்டமோ இருந்தால் அதற்கும் சில வருடம் வரவு வைப்பார்கள்; ஆனால் குறைந்தது ஒரு வருடமாவது கையால் செய்த வேலை இருந்தே ஆக வேண்டும்.

மற்றவை சிக்கலில்லை. தேர்வு இரண்டு: சட்டமும் வணிகமும் ஒன்று, தொழில் அறிவு ஒன்று. இரண்டும் கம்ப்யூட்டரில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. தொழில் தாளை உங்கள் தம்பி ஊதித் தள்ளிவிடுவார். அனுபவசாலிகள் சறுக்குவது சட்டத் தாளில்தான். ஒப்பந்தம், பாதுகாப்பு விதி, சம்பளப் பிடித்தம் என்று அவர்கள் ஊரில் எட்டிப் பார்க்காத விஷயங்களெல்லாம் அதில் வரும். விண்ணப்பக் கட்டணம் 450 டாலர், தனி உரிமையாளராக முதல் லைசென்ஸுக்கு 200. கைரேகை கொடுக்க வேண்டும். 25,000 டாலர் பாண்டு வேண்டும் என்றதும் பயந்துவிடாதீர்கள். அந்தத் தொகையைக் கட்டச் சொல்லவில்லை. பாண்டு கம்பெனிக்கு வருடம் ஒரு சிறு சதவீதம் பிரீமியமாகக் கட்டினால் போதும். கிரெடிட் வரலாறு இல்லாத புதியவருக்கு அந்தச் சதவீதம் கொஞ்சம் கூடும். எல்.எல்.சி. ஆரம்பித்தால் கௌரவமாக இருக்கும் என்று யாராவது சொன்னால், எல்.எல்.சி.க்கு இதற்கு மேல் 1,00,000 டாலருக்கு இன்னொரு பாண்டும் குறைந்தது பத்து லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடும் தேவை என்பதைச் சொல்லுங்கள்.

அதுவரை என்ன செய்வது? லைசென்ஸ் உள்ள ஒரு சாஃப்ட்னர் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேரட்டும். சம்பளம் மட்டும் வாங்கும் ஊழியருக்கு லைசென்ஸ் தேவையில்லை. இந்த ஊர் கோட், இந்த ஊர் பொருத்துப் பாகங்கள் பழகிவிடும்; அனுபவமும் சேரும். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: சம்பளச் சீட்டு டபிள்யூ-2-ஆக இருக்க வேண்டும். ‘1099-ல் வைத்துக்கொள்கிறேன், கையில் கொஞ்சம் கூட வரும்’ என்று நம் ஆட்களே ஆசை காட்டுவார்கள். 1099 என்றால் அவர் தனி கான்ட்ராக்டர். உடனே லைசென்ஸ் எங்கே என்ற கேள்வி வந்துவிடும்.

சேல்ஸில் மூன்று வருடம் இருந்தவர் என்கிறீர்கள். அதனால் இதையும் சொல்ல வேண்டும். ஊரில் ஆர்.ஓ. விற்க வருகிறவர் ஒரு கண்ணாடி டம்ளரில் வீட்டுத் தண்ணீரும் இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீரும் ஊற்றி, இரண்டிலும் மின்கம்பியை விட்டு ஸ்விட்ச் போடுவார். வீட்டுத் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகி, குழம்புபோலத் திரண்டுவிடும். ‘இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்களா?’ என்பார். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கே அல்ல. மின்முனையில் உள்ள இரும்பு கரைந்து வருவது. தாது உப்புகள் இருப்பதால் வீட்டுத் தண்ணீரில் மின்சாரம் பாய்கிறது, ஆர்.ஓ. தண்ணீரில் அவை போய்விட்டதால் பாய்வதில்லை. கலிபோர்னியாவில் இந்தச் சோதனை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் செய்து காட்டுவதற்குத் தடை இருக்கிறது. உடல்நலத்துக்கு நல்லது என்று சொல்லி விற்கும் கருவிக்குச் சான்றிதழ் வேண்டும். சாஃப்ட்னர் தண்ணீரின் கடினத்தன்மையைத்தான் நீக்குகிறது. கிருமியையோ ஆர்செனிக்கையோ நீக்குகிறது என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது.

வீட்டில் உட்கார்ந்து விற்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணம் ஆயிரம் டாலர் அல்லது மொத்தத் தொகையில் பத்து சதவீதம், எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. மூவாயிரம் டாலர் வேலைக்கு முன்பணம் முந்நூறுதான். வேலை நாள் மூன்றுக்குள் வாடிக்கையாளர் மனம் மாறலாம். 65 வயது நிரம்பியவர் என்றால் ஐந்து நாள். விசிட்டிங் கார்டு உட்பட எல்லா விளம்பரத்திலும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும்.

இத்தனை கெடுபிடி ஒரு உப்புத் தொட்டிக்கா என்று அலுத்துக்கொள்வார். திருப்பூரில் வேலை பார்த்தவருக்கு அதன் காரணம் எளிதில் புரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது சாயக் கழிவின் உப்பேறி நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் எப்படிக் கிடந்தன என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே சான்டா கிளாரிட்டாவில், அளவில் சிறியதாக, அதே பிரச்சினை வீட்டு சாஃப்ட்னர்களால் வந்தது. ரெசினைக் கழுவிய உப்புநீர் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். சாதாரணச் சுத்திகரிப்பு குளோரைடைப் பிரிக்காது. அது அப்படியே சான்டா கிளாரா ஆற்றில் விழும். ஆற்றின் கீழ்ப்பக்கம் வெஞ்சுரா மாவட்டத்தில் அவகாடோவும் ஸ்ட்ராபெரியும் விளைகின்றன. இரண்டுக்கும் குளோரைடு ஆகாது. லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று விதித்தார்கள். முதலில் புதிய சாஃப்ட்னர்களுக்குத் தடை வந்தது. 2008 நவம்பரில் மக்கள் வாக்களித்து, ஏற்கெனவே வீடுகளில் இருந்தவற்றையும் அகற்ற வைத்தார்கள். உப்புப் போட்டுத் தானே கழுவிக்கொள்ளும் வகைக்குத்தான் அந்தத் தடை. வேறு இடத்தில் கழுவி, தொட்டியை மாற்றித் தரும் சேவைக்கு அங்கேயும் இடம் உண்டு. ஆகவே எந்த ஊரில் ஆர்டர் எடுத்தாலும், அந்த ஊர்க் கழிவுநீர் வாரியம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முன்பணத்தைத் தொட வேண்டும். சி-55 லைசென்ஸ் கையில் இருப்பதால் மட்டும் தடை உள்ள ஊரில் மாட்டிவிட முடியாது.

மாநிலம் முழுவதற்கும் ஒரு அளவும் உண்டு: ஒரு பவுண்டு உப்புக்குக் குறைந்தது 4,000 கிரெயின் கடினத்தன்மையை சாஃப்ட்னர் நீக்க வேண்டும். ஊரில் பி.பி.எம். கணக்கில் பழகியவருக்குச் சொல்கிறேன், ஒரு கேலனுக்கு ஒரு கிரெயின் என்பது 17.1 பி.பி.எம்.

கடைசியாக, உங்கள் வீடு. சொந்த வீட்டில், விற்பதற்கென்று இல்லாமல், நீங்களே பொறுப்பேற்று மாட்டிக்கொள்வதை லைசென்ஸ் சட்டம் தடுக்கவில்லை. காசு வாங்காமல் தம்பி கை கொடுக்கட்டும். பெர்மிட் வேண்டுமா என்று நகரக் கட்டடத் துறையில் கேட்டுவிட்டு, வேண்டுமென்றால் உங்கள் பெயரில் எடுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் வீட்டுக்கு சாஃப்ட்னர் தேவைதானா என்று பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு மலையிலிருந்து வரும் ஹெட்ச் ஹெட்சி தண்ணீர் கோவையின் சிறுவாணித் தண்ணீர்போல மென்மையானது. அதே தண்ணீரைச் சான் ஹோசேயின் ஒரு சில பகுதிகளும் வாங்குகின்றன. நிலத்தடி நீர் வரும் பகுதிகளில்தான் குழாய் வெளுத்துப்போகும். தண்ணீர்க் கம்பெனியின் வருடாந்தர அறிக்கையில் உங்கள் பகுதியின் கடினத்தன்மை இருக்கும். கேலனுக்கு 15 கிரெயின் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், ஆளுக்கு 75 கேலன் என்றால் நாளுக்கு 300 கேலன், 4,500 கிரெயின். 32,000 கிரெயின் மெஷின் ஒரு வாரம் தாங்கும். ஒரு தடவை கழுவ எட்டு பவுண்டு உப்பு. வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் சமையலறைக் குளிர்ந்த நீர்க் குழாயை சாஃப்ட்னரில் சேர்க்காமல் விடச் சொல்லுங்கள். 15 கிரெயின் தண்ணீரை மென்மையாக்கினால் லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் சோடியம் கூடும்.